தம்பி, உன் குரல் உன்னிடமே இருக்கிறது



மாசி பிறந்துவிட்டது. காமன் ஊன்றும் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். இந்த வருடம் ரதிக்கு யார், மதனுக்கு யார் என்ற பேச்சு லயத்து வாசல்களில் நடந்துகொண்டிருக்கும். ரதி வேடத்தை நம் தோட்டங்களில் வழிவழியாக ஆண்களே கட்டி வந்திருக்கிறார்கள். மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது கண் கலங்காத கூட்டம் உண்டா? பெண் குரலெடுத்து நெஞ்சை உருக்கும் அந்த ஆணை அன்றிரவு தோட்டமே கொண்டாடும்.

அதே தோட்டத்தில் இன்னொரு பிள்ளையும் இருப்பான். வயது பதினெட்டோ இருபதோ ஆகியிருக்கும். மீசை அரும்பி, தோள் அகன்று, ஆளாகிவிட்டான். குரல் மட்டும் பத்து வயதில் இருந்தபடியே கீச்சென்று இருக்கிறது. அவன் எந்த வேடமும் கட்டவில்லை; வாயைத் திறந்தால் அப்படித்தான் வருகிறது. அவனுக்குக் கிடைப்பதெல்லாம் கேலி. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அவனுக்காகவும், அவனைப் பெற்றவர்களுக்காகவும், அவனுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரின் தொண்டையில் எந்தக் குறையும் இல்லை. கத்தி படாமல், ஊசி போடாமல், மாத்திரை விழுங்காமல், சில வாரப் பயிற்சியிலேயே அவர்களுடைய வளர்ந்த குரல் வெளியே வந்துவிடும். அதற்கென்றே படித்த சிகிச்சையாளர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். இந்தச் செய்தி லயத்துக்கு வந்து சேராததால் எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டே வளர்ந்துவிடுகிறார்கள்.

வாயை மூடிக்கொள்வது என்றால் என்ன என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது "பிரசன்ட் சேர்" என்று சொல்லவும் அவனுக்குத் தயக்கம். பின்வாங்கில் எழும் சிரிப்பு அவனுக்குப் பழகிப்போனது, பழகியும் வலிக்கிறது. கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் கை உயராது. பஸ்ஸில் தன் தோட்டத்துச் சந்தி வந்ததும் "இறக்கம்" என்று கத்த வேண்டும். அதற்குக் கூசி, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருவான். போன் எடுத்தால் மறுமுனையில் "மிஸ்" என்பார்கள், "தங்கச்சி" என்பார்கள். உயர்தரம் எழுதிவிட்டுக் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிற பிள்ளைக்கு வாடிக்கையாளரோடு பேசுவதுதான் வேலையே. அங்கேயும் குரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. நேர்முகப் பரீட்சை என்றாலே போகாமல் விட்டுவிடுகிற பிள்ளைகளும் உண்டு. அவனைக் கூப்பிடப் பயன்படும் பட்டப் பெயர்கள் உங்களுக்கும் தெரியும். அவற்றை அச்சில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

இனி, தொண்டைக்குள் நடப்பதைப் பார்ப்போம். குரல்வளைக்குள் இரண்டு சிறிய தசை மடிப்புகள் இருக்கின்றன. அவைதாம் குரல் நாண்கள். நுரையீரலிலிருந்து மேலே வரும் காற்று அவற்றை அதிரச் செய்யும்போது குரல் பிறக்கிறது. சிறு பிள்ளையின் நாண்கள் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 250 முதல் 300 தடவை அதிரும். 12, 13 வயதளவில் ஆண் பிள்ளையின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோன் பெருகத் தொடங்குகிறது. குரல்வளை முன்பக்கமாக வளர்ந்து கழுத்தில் முடிச்சாகத் தெரிகிறது. நாண்கள் நீள்கின்றன, தடிக்கின்றன. அதிர்வு செக்கனுக்கு 100 முதல் 130 என்ற அளவுக்கு இறங்குகிறது. பாட்டுப் படித்தவர்களுக்குச் சொல்வதானால், ஒரு முழு ஸ்தாயி இறக்கம். பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் இறங்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு மூன்று சுரம் இறங்கி, 200ஐ ஒட்டி நின்றுவிடும்.

இதைத்தான் நம் பெரியவர்கள் மகரக்கட்டு என்றார்கள். சில மாதங்களுக்குக் குரல் உடையும், கரகரக்கும், பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே தாவி மறுபடி விழும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 15 வயதை ஒட்டி எல்லாம் அடங்கி ஒரு நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் காலம் எடுக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் நாண்கள் வளர்ந்த பிறகும் தொண்டை பழைய குரலை விடுவதில்லை. தப்பை நெருப்பில் காய்ச்சி எடுத்தால் தோல் இறுகி ஓசை கூர்மையாக எழும்பும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் நாண்களும் அப்படியே எந்நேரமும் இறுகி நிற்கின்றன. நாணை இழுத்து மெலிதாக்கும் தசை ஓயாமல் வேலை செய்கிறது. எச்சில் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறுமல்லவா, பேசும்போதும் அது அப்படி ஏறியே நிற்கிறது. மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் குரலுக்குப் பலம் இருப்பதில்லை. கூப்பிட்டால் எதிர்மலைக்குக் கேட்காது; கொஞ்ச நேரம் பேசினாலே தொண்டை களைத்துவிடும். பாட்டுக்காரர்கள் கள்ளக்குரல் என்று சொல்வதில் இவன் தன்னையறியாமல் நாள் முழுதும் பேசிக்கொண்டிருக்கிறான். மருத்துவத்தில் இதற்குப் பியூபர்ஃபோனியா என்று பெயர்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. கூட்டாளிகளுக்கெல்லாம் முன்னதாகத் தன் குரல் உடைந்ததில் வெட்கப்பட்டு, பழைய குரலையே பிடித்துக்கொண்ட பிள்ளை இருக்கலாம். பாடுகிற பிள்ளையாகவும் இருக்கலாம். பாடசாலையில் தேவாரம் பாடிப் பெயர் வாங்கியவனுக்கு மகரக்கட்டு என்பது ஓர் இழப்பு. தமிழ் நாடக வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை போன்ற கம்பெனிகளில், குரல் உடைந்தால் பாட்டு வேடம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பையன்களுக்கு இருந்தது. அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே.சண்முகம் பின்னாளில் ஔவையார் வேடம் கட்டி, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். எஸ்.ஜி.கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடித் தமிழ் மேடையையே ஆண்டார். அவர்கள் வேண்டும்போது குரலை மேலே கொண்டுபோனார்கள், வேண்டும்போது இறக்கினார்கள். நம் பிள்ளைக்கு இறங்கும் வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. "அம்மா செல்லம் கொடுத்து வளர்த்ததால்தான் இப்படி" என்று உங்களைக் குற்றம் சொல்பவர்கள் இருப்பார்கள். பழைய மருத்துவ நூல்கள் சிலவும் தாயின் மேல்தான் பழி போட்டன. அதை நீங்கள் மனதில் சுமக்க வேண்டாம். தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஆம்பிளை மாதிரிப் பேசுடா" என்று அதட்டினால் பிள்ளையின் குரல் இறங்காது. பயத்தில் தொண்டை இன்னும் இறுகும், குரல்வளை இன்னும் மேலே ஏறும். அதட்டல் நோயைத்தான் வளர்க்கும்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு சோதனை அவசியம். காது மூக்குத் தொண்டை வைத்தியர் சிறிய கமெரா மூலம் குரல் நாண்களைப் பார்ப்பார். பிறவியிலேயே நாண்களுக்கிடையே சவ்வு இருக்கலாம், நாணில் பள்ளமோ தளர்ச்சியோ இருக்கலாம். அவற்றுக்கான வைத்தியம் வேறு. காது கேட்கும் திறனையும் பார்க்க வேண்டும். தன் குரலைத் தானே சரியாகக் கேட்க முடியாத பிள்ளைக்குக் குரலை இறக்கத் தெரியாமல் போகலாம். மீசை தாடியும் இல்லை, உடலும் வளரவில்லை என்றால், அது ஹோர்மோன் சம்பந்தப்பட்டது. 14 வயதாகியும் ஆண் பிள்ளையின் உடலில் பருவமடைவதற்கான அடையாளம் எதுவுமே இல்லையென்றால் குரலுக்காகக் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால்தான் ஹோர்மோன் சிகிச்சை. யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து. நாண் வளர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் குரலும் மாறாது.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், அடுத்து பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். அவர் பெரும்பாலும் முதலில் கேட்பது ஓர் இருமலைத்தான். "இரும்பு, தம்பி" என்பார். அவன் இருமுவான். அந்த இருமல் ஆழமாக, கனமாக, ஒரு வளர்ந்த ஆணின் இருமலாக இருக்கும்! தொண்டையைச் செருமினாலும், கொட்டாவி விட்டாலும், மறந்து சிரித்தாலும் அதே கனம் வரும். நாண்கள் வளர்ந்திருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த இருமலின் கடைசியில் வரும் ஒலியைப் பிடித்து "ஆ" என்று நீட்டச் சொல்வார். அது "ம்" என்ற முனகலாகும். பிறகு மா, மோ, மூ. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கிழமைகளின் பெயர்கள். பிறகு ஒரு வசனம். பிறகு பத்திரிகையில் ஒரு பந்தி.

சிலருக்கு இருமலால் மட்டும் குரல் இறங்காது. அப்போது சிகிச்சையாளர் கழுத்து முடிச்சை விரல்களால் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கியோ, இலேசாகப் பின்னால் அழுத்தியோ "ஆ" சொல்லச் சொல்வார். இழுபட்டிருந்த நாண் தளர்ந்து, குரல் சட்டென்று இறங்கும். பேர்லினில் குரல் மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஹெர்மன் குட்ஸ்மானின் பெயரால் இந்த அழுத்த முறையை இன்றும் குறிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கையிலிருக்கும் வைத்தியம் இது. ஆனால் தம்பி, இதைக் கண்ணாடி முன் நின்று நீயாகச் செய்து பார்க்காதே. கழுத்தை அழுத்தத் தெரிந்த கைதான் அழுத்த வேண்டும்.

பல பிள்ளைகளுக்கு முதல் ஓரிரு அமர்வுகளிலேயே புதிய குரல் வந்துவிடுகிறது. அது நிலைப்பதற்குத்தான் சில வாரங்கள் வேண்டும். தினமும் வாய்விட்டு வாசித்துப் பழக வேண்டும். முதலில் சிகிச்சையாளரோடு, பிறகு வீட்டில் ஒருவரோடு, பிறகு போனில், பிறகு கடையில் முன்பின் தெரியாத ஒருவரோடு என்று படிப்படியாகப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் நாம் உள்ளே வருகிறோம். புதுக் குரலில் முதல் தடவை பேசும்போது அந்தப் பிள்ளைக்கே அது வேறு யாரோ பேசுவது போலிருக்கும். "இது என் குரல் இல்லை" என்று பயந்து பழைய குரலுக்கே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. வீட்டில் யாராவது "என்னடா, சளி பிடிச்சிருக்கா?" என்று சிரித்துவிட்டால் போதும், அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். புதுக் குரலைக் கேட்டதும் ஆச்சரியப்பட்டு அதையே பேச்சாக்காதீர்கள். அவன் சொன்ன விசயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பயிற்சியால் பலன் கிடைக்காத மிகச் சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த நொபுஹிகோ இஷ்ஷிகி என்ற வைத்தியர் 1974இல், குரல்வளைக் குருத்தெலும்பைச் சீரமைத்துக் குரலை மாற்றும் முறைகளை வகைப்படுத்தி எழுதினார். அவற்றில் மூன்றாவது வகை நாணைத் தளர்த்திக் குரலை இறக்குவது. கடைசி வழியாக மட்டுமே அதைக் கையில் எடுப்பார்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் பக்கத்து அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ஹட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய உதவியில் கட்டிய அதன் புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. விசயத்தைச் சொல்லி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கண்டி வரை போகச் சொன்னாலும் தயங்காதீர்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கண்டிக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் செலவு வேறு என்பது எனக்குத் தெரியும். கொழுந்துக் காசில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சின்ன விசயமில்லை. ஆனாலும் இது வருடக்கணக்கில் அலைய வைக்கிற நோயில்லை. சில தடவைகள் போய்வந்தால் பிள்ளையின் வாழ்நாளுக்கும் போதும். கேலியால் மனம் உடைந்து, சாப்பிடாமல், யாரோடும் சேராமல் இருக்கிற பிள்ளையென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஒரு விசயத்தில் தெளிவு வேண்டும். உயர்ந்த குரல் ஒருவனின் ஆண்மையைப் பற்றியோ, திருமண வாழ்க்கையைப் பற்றியோ, அவன் மனதைப் பற்றியோ எதையும் சொல்வதில்லை. எனக்கு என் குரல் பிடித்திருக்கிறது, இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால், அது அவன் உரிமை. தன்னைப் பெண்ணாக உணர்ந்து, அந்தக் குரலையே தன் குரலாகக் கொள்பவரையும் நாம் மதிக்க வேண்டும். கூட்டம் கேலி செய்கிறது என்பதற்காக எவரையும் இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகக் கூடாது. சிகிச்சையின் வாசல், தானாக வந்து தட்டுகிறவனுக்காகத் திறந்திருக்கிறது. வேறு குரலில் பேச விரும்பியும் வழி தெரியாமல் தவிக்கிறவனுக்கு வழியைச் சொல்வது மட்டுமே நம் கடமை.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. இலங்கையில் பேச்சு மொழி சிகிச்சையை முறையாகப் படிப்பிக்கத் தொடங்கியது 1990களின் பிற்பகுதியில்தான். றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கி, பிறகு பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆனால் தமிழில் சிகிச்சை கொடுக்கக்கூடியவர்கள் இன்றும் தேவைக்குப் போதாது. இருமல் எல்லா மொழியிலும் இருமல்தான். அதற்குப் பிறகு வருகிற பயிற்சியெல்லாம் பேச்சு. வெட்கத்தை விட்டு மனதைத் திறந்து சொல்வதும் பேச்சு. அதை அம்மாவோடு பேசுகிற மொழியிலேயே செய்ய முடிந்தால் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும். திக்குகிற குழந்தை, நேரத்துக்குப் பேச வராத குழந்தை, பக்கவாதத்தால் பேச்சிழந்த தாத்தா எல்லோருக்கும் உதவுவது இதே துறைதான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மலையகப் பிள்ளைகளே, வைத்தியராக வேண்டும் என்ற கனவோடு இந்தப் படிப்பையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, தொழில் வழிகாட்டல் வகுப்புகளில் இதன் பெயரைச் சொல்லுங்கள். உங்களில் ஒருவர் படித்துவிட்டு ஹட்டனில் வந்து உட்கார்ந்தால், எத்தனையோ பிள்ளைகள் கண்டிக்குப் போகாமலே பேசத் தொடங்குவார்கள்.

இந்த மாதம் உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வகுப்பறையில், கிரிக்கெட் விளையாடுகிற இடத்தில், பிரட்டுக் களத்தில், ஒருவனின் குரலைக் கேட்டுச் சிரிப்பு எழும்பினால், அந்தச் சிரிப்பில் நீங்கள் சேராதீர்கள்; உங்களுக்கு அங்கே சொல் இருந்தால் நிறுத்துங்கள். உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் அம்மாவின் கையில் தனியாகக் கொடுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம்.

தம்பி, உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீ தனியாக இல்லை. உன்னைப் போன்றவர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வளர்ந்த குரலைப் பெற்றுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள், கூட்டங்களில் எழுந்து பேசுகிறார்கள். வரும் கிழமையே கிளினிக்குக்கு ஒரு கடிதம் வாங்கு. போய்வந்தபின் விருப்பமிருந்தால் எங்களுக்கு எழுது. உன் பெயரை வெளியிடமாட்டோம். உன் அனுபவம் இன்னொரு தோட்டத்துப் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்